மருத்துவச்சி கட்டிய சேலை



சீருடை என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. துறைமுகத்திலே சுமை இறக்குகிறவனும், ரயில்வே பணிமனையிலே இரும்போடு மல்லுக்கு நிற்கிறவனும், எண்ணூர் அனல் அருகே வெந்து வேர்க்கிறவனும் அதன் அருமையை அறிவான். ஆண்டுக்கு எத்தனை சோடி, தையற்கூலி எவ்வளவு, சலவைப்படி எவ்வளவு என்று கேட்டு, கூட்டம் போட்டு, கொடி பிடித்து, மேசைக்கு எதிரே உட்கார்ந்து வாதாடி வாங்கியவர்கள் நீங்கள். வேலைக்கென்று ஒரு துணி வேண்டும். வேலையால் அந்தத் துணி கெட்டால் அதற்கு வேலை வாங்குகிறவன்தான் பொறுப்பு. எளிய நியாயம்தான். ஆனால் இந்த எளிய நியாயத்தை ஏற்க வைக்க எத்தனை ஆண்டுகள் ஆயின!

அந்த நியாயம் எட்டிப் பார்க்காத ஒரு வேலை இருந்தது. இரத்தத்திலே நனைந்து, பனிக்குட நீரிலே தோய்ந்து, விடிய விடியக் குந்தியிருந்து செய்கிற வேலை. செய்தவள் ஒரு பெண். உங்கள் பாட்டியையும் பாட்டியின் பாட்டியையும் உலகுக்கு இழுத்து வந்தது அவள் கைதான். அந்தக் கையைப் பற்றி ஊர் இரண்டு நல்ல வார்த்தை பேசியதுண்டு. அவள் கட்டியிருந்த சேலையைப் பற்றிப் பேசியதில்லை. பேசினால் வெட்கம். யாருக்கு வெட்கம் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மருத்துவச்சி! பெயர் என்னவோ பெருமைக்குரியதுதான். மருத்துவன் என்ற சொல்லுக்குப் பெண்பால். ஆனால் ஊர் அவளை நடத்திய விதம் வேறு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலே முடி திருத்துகிற குலத்திலே பிறந்தவன் மயிர் கழிப்பான், கட்டி கீறுவான், பச்சிலை அரைத்துக் கட்டுவான், சாவு வீட்டிலே சடங்கு செய்வான். அவன் வீட்டுப் பெண் பேறு பார்ப்பாள். எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கில அதிகாரி தென்னாட்டுச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகளாக எழுதி 1909-ல் வெளியிட்டாரே, அதிலும் இந்தச் செய்தி இருக்கிறது. அந்தக் குலத்தானுக்குப் பல ஊர்களில் 'குடிமகன்' என்று பெயர். இன்று அரசியல் சட்டம் நம்மையெல்லாம் அழைக்கிறதே, அதே சொல்! ஊருக்கு உழைக்கக் கட்டுப்பட்டவன் என்ற பொருளில் வழங்கிய சொல், இன்று உரிமை படைத்தவன் என்ற பொருளுக்கு உயர்ந்துவிட்டது. சொல் உயர்ந்த வேகத்தில் ஆள் உயரவில்லை.

தமிழக அரசின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைப் புரட்டுங்கள். மருத்துவர், நாவிதர், மங்கலா என்று வரிசையாக வந்து, கடைசியிலே 'பிராணோபகாரி' என்று ஒரு பெயர் நிற்கும். உயிருக்கு உபகாரம் செய்பவர் என்று பொருள். உயிர் காத்தவரை ஒரு பக்கம் இப்படிப் புகழ்ந்துவிட்டு, மறுபக்கம் தொட்டால் தீட்டு என்று தள்ளி நிறுத்திய சாமர்த்தியம் நம் நாட்டைத் தவிர வேறெங்கு வரும்? (சென்னையில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஹாமில்டன் என்ற வெள்ளையன் பெயரால் அமைந்த பாலம், மக்கள் வாயில் 'அம்பட்டன் வாராவதி' ஆயிற்று. அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்றார்கள். பிற்காலத்திலே அதற்கு அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டது. கல்லும் காரையும் அடைந்த விமோசனம் மனிதருக்கு அவ்வளவு விரைவில் கிடைக்கவில்லை.)

ராயபுரத்துக்கும் இவளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1856-ல் தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. பிறகு துறைமுகம் வந்தது, ஆலைகள் வந்தன. 1876-லிருந்து 1878 வரை தாது வருடப் பஞ்சம் நாட்டைச் சூறையாடியது. செங்கற்பட்டு, வடஆர்க்காடு, நெல்லூர்ச் சீமைகளிலிருந்து வயிறு காய்ந்தவர்கள் வடசென்னை நோக்கி வந்தார்கள். ஏற்கெனவே 1782-ல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் இங்கேதான் இருந்தது. அதன் வழிவந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே நம் தாய்மார்கள் அழைத்தார்கள். வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு ஊர் வழக்கத்தையும் கொண்டு வந்தார்கள். குடிசைக்குள்ளே வலி எடுத்தால் ஓடிப்போய் அழைத்தது டாக்டரை அல்ல. தெருக்கோடியில் இருந்த மருத்துவச்சி ஆயாவைத்தான். சிற்றூர் மருத்துவச்சி பட்டணத்துக் குப்பத்து மருத்துவச்சி ஆனாள். இடம் மாறியது, வேலை மாறவில்லை, உடையும் மாறவில்லை.

அந்த உடை என்ன? கைத்தறியில் நெய்த முரட்டு நூல் சேலை. அரக்கோ, கருநீலமோ, கறை தெரியாத நிறம். ரவிக்கை கிடையாது. முந்தானையை இழுத்து மார்பைச் சுற்றி இடுப்பிலே செருகிக்கொள்வாள். கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி வரிந்து கட்டுவாள். குந்தி உட்கார, முழங்காலூன்றி முன்னே சாய, பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க அப்படிக் கட்டினால்தான் வசதி. கூந்தலை அள்ளிக் கொண்டை முடிந்துகொள்வாள். கையிலே வளையல் இருந்தால் கழற்றி வைப்பாள். முழங்கைக்கு மேலே வரை வெறுங்கை. அந்தக் கையிலே விளக்கெண்ணெயைப் பூசிக்கொண்டு அவள் உட்கார்ந்தால், பிறப்பு முடிகிற வரை எழுந்திருக்க மாட்டாள்.

ஏழைப் பெண்ணுக்கு அன்று இரண்டு சேலை இருந்தால் பெரிது. ஒன்று உடலில், ஒன்று கொடியில். ஆகவே வேலைக்கென்று தனிச் சேலை என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்ததிலே பழையது எதுவோ, கிழிந்தது எதுவோ, அதைத்தான் கட்டிக்கொண்டு போனாள். காரணம் வறுமை மட்டும்தானா? அதுதான் இல்லை!

பேறு நடந்த இடம் தீட்டு. பிள்ளை பெற்றவள் தீட்டு. பார்த்தவளும் தீட்டு. தொட்ட துணியெல்லாம் தீட்டு. இதுதான் சாத்திரம் போட்ட கணக்கு. தீட்டாகப் போகிற துணி நல்ல துணியாக இருக்கலாமா? வெளுத்த வேட்டியை எடுத்து யாராவது விரிப்பார்களா? வீட்டின் கந்தல்களைச் சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டி, பரணிலே போட்டு, 'பேறுகாலத்துக்கு ஆகும்' என்று வைத்திருந்தார்கள். தூசியும் எலிப்புழுக்கையும் படிந்த அந்த மூட்டையைப் பிரித்துத்தான் தாய்க்கு விரிப்பு, பிள்ளைக்குத் துடைக்கும் துணி! இடமும் அப்படித்தான். வீட்டிலே வெளிச்சமான அறையா கொடுப்பார்கள்? கொல்லைப்புற ஒட்டுத் திண்ணை, இருட்டு மூலை, சில இடங்களில் மாட்டுத் தொழுவத்தை அடுத்த தாழ்வாரம். மருத்துவச்சி கொல்லை வழியே வந்து கொல்லை வழியே போக வேண்டும். வீட்டுக்கு வாரிசு கொடுத்தவளுக்கு வாசற்படி கிடையாது.

துணி வெளுத்தவளும் இந்தக் கதையில் இருக்கிறாள். தீட்டுக் காலத்திலே உடுத்த வேண்டிய துணியை வண்ணாத்தி கொண்டுவந்து கொடுப்பாள். 'மாற்று' என்று அதற்குப் பெயர், ஊர்ப்பேச்சிலே மாத்து. நம்முடைய துணி தீட்டாகக்கூடாது, அவள் கொண்டுவருகிற துணி தீட்டானால் பாதகமில்லை என்ற தந்திரம் அது. அவள் எந்தத் துணியைக் கொண்டுவருவாள்? வெளுக்க வந்த துணியில் ஒன்றைத்தான். மேலத்தெருக்காரர் மறுநாள் மடிப்புக் கலையாமல் உடுத்தப்போகிற வேட்டி முந்தின நாள் எந்தத் தாழ்வாரத்தில் கிடந்ததோ, யார் கண்டது! ஆசாரத்தின் கோட்டை எப்போதும் இப்படித்தான் பின்பக்கம் திறந்து கிடக்கும்.

ராயபுரத்தை ஒட்டி வண்ணாரப்பேட்டை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பேட்டை. பெயரே அதனால் வந்தது. இலண்டன் சீமாட்டி உடுத்துவதற்குப் பளிச்சென்று வெளுத்துக் கொடுத்தன நம் கைகள். அடுத்த குடிசையிலே பிள்ளை பெற்றவளுக்குக் கந்தல். பெரம்பூர் பின்னி ஆலையிலே காக்கி கெஜம் கெஜமாக ஓடியது. அந்தத் தொழிலாளர்கள்தான் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டு நாட்டுக்கே வழிகாட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கியவளுக்கு அந்தக் காக்கியில் ஒரு முழம் எட்டவில்லை. துணிக்கு நடுவே இருந்துகொண்டே துணியில்லாமல் வாழ்ந்த கூட்டம் நம்முடையது.

கூலி என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். சில படி நெல், தேங்காய், வெற்றிலை பாக்கு, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் சில்லறை. ஆண் பிள்ளையானால் கொஞ்சம் தாராளம். பெண் பிள்ளையானால் கை சுருங்கும். என்னமோ அவள்தான் பெண்ணாக்கிக் கொடுத்ததுபோல! இவற்றோடு பல ஊர்களிலே இன்னொன்றும் உண்டு: பிள்ளை பெற்றவள் அப்போது கட்டியிருந்த சேலை. தீட்டான சேலையை வீட்டில் வைக்க முடியாது, எறிய மனமில்லை, ஆகவே அவளுக்குக் கொடுத்து தானக் கணக்கிலே எழுதிக்கொண்டார்கள். அவள் அதைக் கசக்கிக் காயவைத்து, அடுத்த வீட்டு வேலைக்கு அதையே கட்டிக்கொண்டு போனாள்.

தோழர்களே, இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு தாயின் இரத்தம் தோய்ந்த சேலை, இன்னொரு தாயின் அருகே போகிறது. கொதிநீரில் போட்டு எடுத்தால் பாதகமில்லை. கொதிக்க வைக்க விறகு வேண்டும், பானை வேண்டும், நேரம் வேண்டும், மாற்றிக்கட்ட இன்னொரு சேலை வேண்டும். நான்கும் இல்லாதவள் குளத்திலே அலசிப் பிழிந்து கட்டிக்கொண்டாள். விளைவு? சூதகக் காய்ச்சல். மூன்றாம் நாள் உடம்பு கொதித்து, பிதற்றி, பத்தாம் நாளுக்குள் பச்சை உடம்புக்காரி போய்ச் சேர்ந்தாள். தொப்புள்கொடியை அறுத்தது அரிவாள். அறுத்த இடத்திலே சாம்பல், சில இடங்களிலே சாணம். ஏழாம் நாள், எட்டாம் நாள் பிள்ளை பால் குடிக்க முடியாமல் வாய் பூட்டிக்கொண்டு, உடல் வில்லாய் வளைந்து இசிவு கண்டு செத்தது. பேய் அடித்தது என்றார்கள், தோஷம் என்றார்கள். மருத்துவ நூல் அதற்கு வைத்த பெயர் டெட்டனஸ். இந்தியாவில் தாய் சேய் டெட்டனஸ் ஒழிப்பு நிலையை எட்டிவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது 2015-ல்தான்.

இதைச் சொல்வது ஏன்? 'அந்தக் காலத்திலே ஆயாக்கள் கைராசியிலே பத்துப் பிள்ளை சுகமாகப் பெற்றோம்' என்று பழமை பாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெற்றவர்கள் பேசுகிறார்கள். செத்தவர்கள் வந்து பேச முடியுமா? பழங்காலத்துப் பேறு முறையைப் பொற்காலமாக்கிப் பூசை செய்ய நாம் வரவில்லை. அதே நேரத்தில், பழி முழுவதையும் அந்தக் கிழவியின் தலையிலே கொட்டிவிட்டு நழுவுகிறார்களே, அந்த அநியாயத்துக்கும் நாம் உடந்தையாக முடியாது.

அப்படிக் கொட்டியவர்களில் பேர்போனவர் காதரின் மேயோ என்ற அமெரிக்க மாது. 1927-ல் 'மதர் இந்தியா' என்ற நூலை வெளியிட்டார். வடநாட்டுத் தாயி பேறு பார்க்க வரும்போது அழுக்குத் துணியோடு வருகிறாள், வீட்டார் கந்தல்களைச் சேர்த்துவைத்து அதற்கே பயன்படுத்துகிறார்கள் என்றெல்லாம் விரிவாக எழுதினார். நாடே கொதித்தது. காந்தியார் அதைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்று ஒதுக்கினார். தமிழ்நாட்டிலே மட்டும் வேறொரு குரலும் எழுந்தது. கோவை அய்யாமுத்து 'மேயோ கூற்று மெய்யா பொய்யா' என்று கேட்டே புத்தகம் எழுதினார். மேயோவின் நோக்கம் நல்லதா என்றால், இல்லை. இந்தியருக்குத் தன்னாட்சிக்குத் தகுதியில்லை என்று காட்டுவதுதான் அவர் வேலை. ஆனால் அவர் சொன்ன அழுக்கு பொய்யா என்றால், அதுவும் இல்லை. அழுக்கைக் கண்டவர் அதை அவளுக்குப் போர்த்தியது யார் என்று பார்க்கவில்லை. மேயோவைத் திட்டிய கனதனவான்களோ, அழுக்கு இருக்கிறதா என்றே பார்க்க மறுத்தார்கள். இருவருக்கும் நடுவே மருத்துவச்சி அதே கந்தலோடு நின்றாள்.

சரி, மேலைநாட்டுக்காரன் பிறவியிலேயே வெளுத்த துணியோடு வந்தவனா? 1795-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்திலே அலெக்சாண்டர் கார்டன் என்ற மருத்துவர் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். சூதகக் காய்ச்சல் காற்றிலே வருவதில்லை. பேறு பார்க்கிற மருத்துவரும் மருத்துவச்சியும்தான் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அதைச் சுமந்து போகிறார்கள் என்றார். நோயாளியின் துணியையும் படுக்கையையும் எரிக்க வேண்டும் அல்லது நன்றாகத் தூய்மை செய்ய வேண்டும், பேறு பார்த்தவர் உடலைக் கழுவி, உடையைப் புகை போட்டு எடுத்த பிறகே அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதினார். தானும் அந்த நோயைச் சுமந்து சென்றவன்தான் என்று ஒளிக்காமல் சொன்னார். ஊர் என்ன செய்தது? அவரைத் தூற்றியது.

ஐம்பது ஆண்டு கழித்து வியன்னாவிலே செம்மல்வைஸ். ஒரே ஆஸ்பத்திரி, இரண்டு பிரிவுகள். ஒன்றிலே மருத்துவ மாணவர்கள் பேறு பார்த்தார்கள். மற்றொன்றிலே மருத்துவச்சி மாணவிகள். 1846-ல் முதல் பிரிவிலே நூற்றுக்கு 11-க்கு மேல் தாய்மார் மடிந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவிலே நூற்றுக்கு 3-க்கும் குறைவு! படித்தவன் கையிலே சாவு அதிகம், படிக்காதவள் என்று இகழப்பட்டவள் கையிலே சாவு குறைவு. காரணம், மாணவர்கள் பிணம் அறுத்த கையோடு நேரே பேறு பார்க்க வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணம் அறுக்கும் வேலை இல்லை. குளோரின் கலந்த நீரிலே கை கழுவ வேண்டும் என்று 1847-ல் செம்மல்வைஸ் கட்டளையிட்டார், சாவு சரசரவென்று இறங்கியது. அவரையும் கொண்டாடவில்லை, 1865-ல் மனநோய் விடுதியிலே இறந்தார். அந்தக் காலத்து அறுவை மருத்துவர்கள் இரத்தம் காய்ந்து விறைத்துப்போன கறுப்புக் கோட்டையே அனுபவத்தின் அடையாளமாக அணிந்திருந்தார்கள் என்பதும் வரலாறு. நம் மருத்துவச்சியின் கந்தலைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்கள் தங்கள் தாத்தாவின் கோட்டை மறந்துவிட்டார்கள்.

இங்கிலாந்து மருத்துவச்சியும் இலட்சணமாக இருந்தாளில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 'மார்ட்டின் சஸ்ஸில்விட்' நாவலிலே சேரி கேம்ப் என்று ஒருத்தியைப் படைத்தார். பிள்ளைப்பேறும் பார்ப்பாள், பிணமும் கழுவுவாள். வெளிறிய கறுப்பு உடை, அதிலே மூக்குப்பொடிக் கறை. சாவு வீடுகளிலே கொடுத்த பழைய உடுப்பால் பிழைப்பவள். பார்த்தீர்களா, அங்கும் கூலியிலே பழந்துணி! சாதி இல்லாத நாட்டிலே வறுமை தனியாகச் செய்ததை, இங்கே வறுமையும் சாதியும் கூட்டுச் சேர்ந்து செய்தன. அவ்வளவுதான் வேற்றுமை. ஆனால் அந்த வேற்றுமை சிறிதல்ல. சேரி கேம்பின் மகள் வேறு வேலைக்குப் போகலாம். மருத்துவச்சியின் மகள் மருத்துவச்சிதான்.

1902-ல் இங்கிலாந்து மருத்துவச்சிகளுக்கென்று சட்டம் போட்டது. அதன்கீழ் அமைந்த வாரியம் விதிகள் வகுத்தது. கொதிக்க வைத்து வெளுக்கக்கூடிய நூல் துணியில் உடை வேண்டும், அதன்மேல் சுத்தமான மேலங்கி வேண்டும், சட்டைக் கை முழங்கைக்கு மேலே மடித்துவிடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று திட்டமாக எழுதினார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நூல் துணி, முழங்கைக்கு மேலே வெறுங்கை! நம் ஆயா நூற்றாண்டுக் கணக்கில் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்? ரவிக்கை போடக்கூடாது என்று சாதிக் கட்டுப்பாடு பல ஊர்களிலே தடுத்தது, போட வறுமையும் விடவில்லை. அதனால் வந்த வெறுங்கைதான். ஆனாலும் வேலைக்கு அதுவே உகந்த கோலம். விதியிலே இருந்து அவளிடம் இல்லாமல் போனவை இரண்டுதான்: கொதிநீர், மாற்றுச் சேலை. அந்த இரண்டையும் ஊர் கொடுத்திருந்தால் எத்தனை தாய்மார் பிழைத்திருப்பார்கள்!

வெள்ளை சர்க்கார் இங்கே என்ன செய்தது? ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1844-ல் சென்னையிலே பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி தொடங்கியது. அதுதான் பிறகு எழும்பூர் ஆஸ்பத்திரி. 1885-ல் டஃப்ரின் சீமாட்டி பெயரால் நிதி. 1903-ல் கர்சன் சீமாட்டி, பரம்பரைத் தாயிகளுக்குப் பயிற்சி தர விக்டோரியா நினைவு நிதி கண்டார். ராயபுரத்துக்கோ, சவளை ராமசாமி முதலியார் கொடையால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி கிடைத்தது. ஆர்.எஸ்.ஆர்.எம். என்று மூன்று தலைமுறை வடசென்னை உச்சரித்த பெயர் அது. தொழிலாளி வீட்டுப் பெண் முதன்முதலாக இரும்புக் கட்டிலிலே, வெளுத்த விரிப்பிலே பிள்ளை பெற்றாள் என்றால் அது இதுபோன்ற இடங்களிலேதான்.

1926-ல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சிகள் பதிவுச் சட்டம் கொண்டு வந்தது. பயிற்சி பெற்றவள் பெயர் ஏட்டிலே ஏறியது. வெள்ளைச் சேலை, கைப்பை, கத்தரிக்கோல், கிருமிநாசினி என்று புதிய மருத்துவச்சி தெருவிலே நடந்தாள். நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் பயிற்சிக்குப் படிப்பு வேண்டும். படிப்புக்குப் பள்ளி வேண்டும். பள்ளிக்குள்ளே பரம்பரை மருத்துவச்சியின் மகளுக்கு இடம் வேண்டும். இடம் இருந்ததா? அவளுக்குத் தெரிந்தது ஏட்டிலே ஏறவில்லை. ஏட்டிலே இருந்தது அவளுக்கு எட்டவில்லை. 1934-ல் சென்னைப் பேறுகாலச் சலுகைச் சட்டம் பிறந்து தொழிற்சாலைப் பெண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வும் காசும் தந்தது. தொழிற்சாலைப் பெண்ணின் பிள்ளையைத் தூக்கியவள், தனக்குப் பேறுகாலம் வந்தால்? அவள் எந்த ஆலையின் மஸ்டர் ரோலிலும் இல்லையே!

 1970-களின் பிற்பகுதியிலே அவளைக் கிராம சுகாதாரத் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அழைத்து, சில வாரப் பயிற்சி கொடுத்து, பெட்டி கொடுத்தார்கள். சுத்தமான கை, சுத்தமான விரிப்பு, சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், சுத்தமான தொப்புள் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். சோப்பு, பிளேடு, நூல், பிளாஸ்டிக் விரிப்பு. பாருங்கள் தோழர்களே, எத்தனை மலிவான சரக்கு! கார்டன் சொல்லி 180 ஆண்டு கழித்து ஒரு கட்டி சோப்பு வந்து சேர்ந்தது.

பிறகு மாற்றம் வேகமாக வந்தது. பதினெட்டு மாதப் பயிற்சி பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஊர்களிலே அமர்ந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலே இரவும் பகலும் பேறு பார்க்கச் செவிலியர் வந்தார்கள். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான பேறுகால உதவி 2006-ல் 6,000 ரூபாயாகவும், 2011-ல் 12,000 ரூபாயாகவும், 2018-ல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியிலே 1912-ல் பட்டம் பெற்ற முதற்பெண்களில் ஒருவர் பெயரால் ஏழைத் தாய்க்குப் பணம்! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டிலே நூற்றுக்கு 99.6 பேறு மருத்துவ நிலையங்களிலே நடக்கிறது. இலட்சம் பேறுக்குத் தாய் சாவு 2018-20 கணக்கில் இந்தியா முழுவதற்கும் 97, தமிழ்நாட்டிலே 54. இதை யாரும் மறைக்க முடியாது; மறைக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் அதே ஆய்வு இன்னொரு கணக்கையும் காட்டுகிறது. தமிழ்நாட்டிலே நூற்றுக்கு 45 பேறு வயிற்றை அறுத்து நடக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியிலே நூற்றுக்கு 64. அறுவை உயிர் காக்கும், உண்மை. ஆனால் மூன்றில் இரண்டு தாய்க்கு இயற்கையாகப் பிள்ளை பெற வக்கில்லையா? பில் நீளுகிறது, கத்தி நீளுகிறது. இந்த நிலை கண்டுதான் 2018-ல் இந்திய அரசு மருத்துவச்சிப் பணியை மறுபடியும் வளர்க்கிறோம் என்று வழிகாட்டு நெறி வெளியிட்டது; பட்டயச் செவிலியருக்கு மேலும் பதினெட்டு மாதப் பயிற்சி என்றது. 2023-ல் யுனெஸ்கோ மருத்துவச்சிக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. முன்மொழிந்தவை கொலம்பியா, சைப்ரஸ், செருமனி, கிர்கிசுத்தான், லக்சம்பர்க், நைசீரியா, சுலோவேனியா, டோகோ என்ற எட்டு நாடுகள். இந்தியா அதிலே இல்லை. உபகாரி என்று பெயர் வைத்த நாட்டுக்கு அந்த ஞாபகம் வரவில்லை போலும்.

மருத்துவச்சியின் பேத்தி இன்று எங்கே இருக்கிறாள்? 1989-ல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தபின், செவிலியர் பள்ளியின் கதவு அந்தக் குலத்துப் பெண்ணுக்கும் கொஞ்சம் திறந்தது. பாட்டிக்குக் கிடைக்காத வெளுத்த உடை பேத்திக்குக் கிடைத்தது. உடையோடு கிடைத்த ஊதியம் என்ன? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி வென்ற ஆயிரக்கணக்கான செவிலியரை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்திலே அமர்த்தினார்கள். நிரந்தரம் இல்லை, படி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவிலே பேறு பார்த்தவர்கள் அவர்களேதான். 2017 நவம்பரிலே பொறுமை தீர்ந்தது. தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் சென்னைக்கு வந்து, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலே வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். நிரந்தரம் செய், சம வேலைக்குச் சம ஊதியம் கொடு என்று கேட்டார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.